ஜூலை மாதக் கடல் தேறவில்லை

கடலுக்கு மதிப்பெண் போடும் அலுவலகம் திருச்சி கே.கே. நகரில் இருக்கிறது. கீழே மாவு மில், முதல் மாடியில் தையல் பயிற்சி, இரண்டாவது மாடியில் கடல். வாசல் பலகையில் 'கடல் அளவீட்டுத் தரச் சரிபார்ப்பு மையம்' என்று எழுதியிருக்கும். மில் ஓடும் நாட்களில் 'கடல்' என்ற சொல்லின் மேல் மாவு படிந்திருக்கும். துடைப்பதற்கு ஒரு பணியிடம் அனுமதிக்கப்பட்டு, ஒன்பது ஆண்டுகளாக நிரப்பப்படாமல் இருக்கிறது.

கப்பல்களிலும் மிதவைகளிலும் எடுத்த அளவுகள் அங்கே வந்து சேரும். தண்ணீரின் சூடு, உப்பு, அலையின் உயரம், இப்படி. ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஓர் எண் போடுவார்கள். ஒன்று என்றால் நல்லது. நான்கு என்றால் கெட்டது. இடையில் இரண்டும் மூன்றும் உண்டு. அவற்றைப் போட்டால் ஏன் போட்டோம் என்று விளக்கம் எழுத வேண்டும். ஆகவே யாரும் போடுவதில்லை.

கடலிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இதை ஏன் வைத்தார்கள் என்று நான் அதன் இயக்குநர் பீமராவிடம் ஒருமுறை கேட்டேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

"கடலுக்குப் பக்கத்துல ஆபீஸ் வச்சா என்ன ஆகும் சார்? ஸ்டாஃப் எல்லாம் சாயங்காலம் கடலைப் பாக்கப் போவாங்க. பாத்தா பாசம் வந்துடும். பாசம் வந்தா மார்க்கு கூடிடும். நடுநிலைமைக்குத் தூரம் வேணும்."

அதை அவர் வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர் அற்புதசாமி ஆண்டுதோறும் செப்டம்பரில் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போவார். திரும்பி வந்த மறுநாள், 'கோயிலோடு நின்றுகொண்டேன், கடற்கரைப் பக்கம் திரும்பவில்லை, கால் நனைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். பதினொரு ஆண்டுகளின் கடிதங்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. பன்னிரண்டாவது ஆண்டு அவருடைய மனைவி தண்ணீரில் இறங்கிவிட்டதால் அது தனிக் கோப்பு.

இந்த இடத்தோடு எனக்கு என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெகபர் சாதிக். பாலக்கரைக்காரன். இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் சுக்கானியாக இருந்தவன். சுக்கான் பிடிக்கும் நேரம் போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கித்தான் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, தண்ணீர் மொண்டு, அதன் சூட்டைப் பார்த்து அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஓடும் கப்பலிலிருந்து வாளி இறக்கிப் பார்த்ததில்லை. இயந்திரத்தின் வெந்நீர் விழும் பக்கத்தில் இறக்கக் கூடாது. வாளியை வெயிலில் வைக்கக் கூடாது. வெப்பமானியைத் தண்ணீரில் வைத்தபடியே கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டால் காற்றின் சூட்டைத்தான் படிப்பீர்கள். அதிகாரியின் பதிவேட்டில் ஏறிய ஒவ்வோர் அளவையும் என் சொந்த நோட்டிலும் எழுதி வைத்தேன். பதினாறு நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்து என்பது சாதாரணக் காரியம் இல்லை. பெரிய கடைவீதியில் என் அத்தாவின் வாய்ச்சொல்லுக்கு மேல் யாரும் சீட்டு கேட்டதில்லை. அவர் பிள்ளை நான். வாளியில் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் எழுதினேன்.

ஒரே ஒரு தடவையைத் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

என் மகள் இர்பானாவின் கணவர் நஸ்ருல்லா அந்த மையத்தில் தர ஆய்வாளர். மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நிக்காஹ் ஆன நாளிலிருந்து நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் அழைத்து வந்தேன். போன ஆண்டு அவர் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட வந்தார். கை கழுவும் முன்பே கேட்டார்.

"மாமா, அந்த நோட்டெல்லாம் பெட்டியில சும்மாதானே கிடக்கு? எங்க ஆபீஸ்ல பழைய அளவு கிடைச்சா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. நாட்டுக்குப் பயன்படும்."

"பத்திரமா வச்சுக்குவீங்களா மாப்ள?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? என் பொறுப்பு."

பதினாறு நோட்டுகளையும் துணியில் சுற்றி நானே அவர் வண்டியில் வைத்துக் கட்டினேன். என் மனைவி ஜஹானாரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மகளைக் கட்டிக் கொடுத்தப்பகூட இவ்வளவு நேரம் வண்டியையே பாத்துக்கிட்டு நிக்கலீங்க நீங்க" என்றாள்.

ஆறு மாதம் கழித்து ஓர் அழைப்பிதழ் வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் மையத்தின் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர்: 'கடல் கண்டவர்' ஜனாப் ஜெகபர் சாதிக். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொன்னேன். வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். மண்டபத்தில் முதல் வரிசை முழுக்க எங்கள் ஆட்கள். மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலி இரண்டில் ஒன்று எனக்கு, ஒன்று பீமராவுக்கு.

விழாவின் தொடக்கச் சடங்கு கடல் தண்ணீரைச் சோதிப்பது. மேசைமேல் இருபது லிட்டர் கேன் ஒன்றை மாலை போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் கருவியை உள்ளே விட்டார். இன்னொருவர் ஒலிபெருக்கியில் எண்ணைப் படித்தார். "உப்பு முப்பத்தைந்து! வரையறுத்த அளவு முப்பத்தைந்து! கடல் தேறியது!" எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இவ்வளவு துல்லியமான கடலை நான் பார்த்ததில்லை.

என் பின்னால் நின்ற அற்புதசாமி குனிந்து காதருகே சொன்னார்.

"நாகப்பட்டினத்துலேர்ந்து பஸ்ல கொண்டாந்த கேன் சார். வல்லம் வர்றதுக்குள்ள முழுசா ஒழுகிடுச்சு. கொள்ளிடத்துல ரொப்பி, திருவானைக்காவல் கடையில உப்பு வாங்கிப் போட்டோம்."

"அளந்தா போட்டீங்க?"

"அளவு இங்க யாருக்கு சார் தெரியும்? கருவியில முப்பத்தஞ்சு வர்ற வரைக்கும் போட்டோம். போன வருஷம் நிஜக் கடல் தண்ணியவே கொண்டாந்துட்டோம். முப்பத்தி மூணுதான் காட்டுச்சு. ஃபெயில். கடலுக்கு மெமோ போக இருந்துச்சு, விலாசம் இல்லன்னு விட்டுட்டாங்க."

அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

பிறகு விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டினார்கள். ஒரு நோட்டின் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. என் கையெழுத்து. ஜூலை 1996. அரபிக்கடல். எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் நான்கு, நான்கு, நான்கு என்று கீழே வரை இறங்கியது. ஒரே ஓர் அளவுக்கு மட்டும் பச்சை மையில் ஒன்று. தலைப்பு: 'பிழையான பதிவை அறிவது எப்படி?'

பீமராவ் ஒரு குச்சியால் சுட்டிக் காட்டினார்.

"பாருங்க. ஜூலை மாசம். இடம் ஓமன் கரை ஓரம். பாலைவனம், வெயில் கொளுத்துது. இவரு என்ன எழுதியிருக்காரு? இருபத்தி ரெண்டு டிகிரி! கொடைக்கானல்லகூட தண்ணி அப்படி இருக்காது. இது கடலா, ஃப்ரிட்ஜா?"

மண்டபம் சிரித்தது. எங்கள் வரிசை சிரிக்கவில்லை.

"ஆக, பதிவாளர் நிலை: நம்பத்தகாதவர். இப்படிப்பட்டவங்க பேரை ஒரு பட்டியலா அச்சடிச்சு எல்லாத் துறைமுகத்துக்கும் அனுப்பப் போறோம். முதல் பேரா நம்ம சிறப்பு விருந்தினர் பேரையே வச்சிருக்கோம். இவரோட ஒத்துழைப்புக்கு ஒரு பொன்னாடை!"

பொன்னாடையோடு ஒருவர் வந்தார். நான் எழுந்து நின்றேன். நான் போர்த்திக்கொள்ளத்தான் எழுந்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "அந்தக் கரையில ஜூலை மாசம் தென்மேற்குக் காத்து அடிக்கும். மேல் தண்ணிய நடுக்கடலுக்குத் தள்ளிட்டுப் போயிடும். அடியிலேர்ந்து குளிர்ந்த தண்ணி மேல வரும். அந்த ஒரு வாரம் கப்பல்ல நாங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் நின்னோம். மீன்காரங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க நாலு போட்டிருக்கறது அத்தனையும் உண்மை."

"அப்ப நாங்க ஒண்ணு போட்டது?" என்று பீமராவ் சிரித்தபடி கேட்டார்.

அந்த ஒன்றை நான் அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். பதினொன்றாம் தேதி, பகல் பன்னிரண்டு மணி. 28.4.

பதினொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு வாளி இறக்கினேன், 28.4 வந்தது. அது முந்தைய பக்கத்தின் கடைசி வரி. பத்தரை மணிக்கு ரேடியோவில் செய்தி வந்தது. அத்தா மவுத்தாகிவிட்டார். கப்பல் திரும்பாது, ஜனாஸா அடக்கத்துக்கு நான் போக முடியாது. பன்னிரண்டு மணிக்கு வாளி கயிற்றோடு என் காலடியில் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. காலையில் எழுதிய எண்ணையே திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் கப்பல் குளிர்ந்த தண்ணீருக்குள் வந்திருக்கும். மாலை ஆறு மணிக்கு இறக்கியபோது 22.6. பகலில் எவ்வளவு இருந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் எழுதிய ஒரே பொய் அது. ஜஹானாராவிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் வரிசையில் என் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால்தான் மற்ற உண்மைகள் நிற்கும் என்று தோன்றியது. சொன்னேன். வாளி, ரேடியோ, அத்தா, எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொன்னேன்.

"நீங்க நல்லதுன்னு சொன்ன ஒண்ணுதான் பொய். கெட்டதுன்னு சொன்னதெல்லாம் மெய். என் பேரை அந்தப் பட்டியல்லேர்ந்து எடுங்க."

பீமராவ் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது.

"பாத்தீங்களா? இதுதான் நம்ம மையத்தோட வெற்றி. பதிவாளர் தன் வாயால ஒத்துக்கிட்டாரு, தப்பா எழுதினேன்னு! நம்ம கம்ப்யூட்டர் ஆறு மாசம் முன்னாடியே சொல்லிடுச்சு, இவரு நம்பத்தகாதவர்னு. சொன்னது பலிச்சுடுச்சு!"

"அந்த ஒண்ணு மட்டும்தான்னு..."

"அதுலதான் சார் எங்க பெருந்தன்மை. நீங்க பொய்யின்னு சொல்ற அளவைக்கூட நாங்க நல்லதுன்னு ஏத்துக்கிட்டிருக்கோம். அதை மாத்த முடியாது. ஏன்னா அதைப் பொய்யின்னு சொல்றது யாரு? நம்பத்தகாதவர். அவரு சொன்னா நாங்க நம்பலாமா?"

இந்த முறை கைதட்டல் கூடுதலாக இருந்தது. இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழாக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் என் மாப்பிள்ளை. அவர் தலை நிமிரவில்லை. பேனா மட்டும் ஓடியது.

அன்று சாயங்காலம் அவரும் இர்பானாவும் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"அந்த நாலெல்லாம் யார் போட்டது மாப்ள? கம்ப்யூட்டரா?"

"கம்ப்யூட்டர் சந்தேகம்னுதான் காட்டும் மாமா. முடிவு ஆய்வாளர் போடணும்."

"ஆய்வாளர் யாரு?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"மாசம் நூத்துக்குப் பன்னெண்டு பிழை கண்டுபிடிச்சே ஆகணும் மாமா. பிழையே இல்லன்னா மையம் எதுக்குன்னு மேல கேப்பாங்க, மூடிடுவாங்க. இப்ப மிதவையெல்லாம் நல்லா வேலை செய்யுது. பிழைக்கு எங்க போறது? வேற கப்பல்காரங்க நோட்டுல கை வச்சா சங்கம் அது இதுன்னு சண்டைக்கு வருவாங்க. நீங்க நம்ம வீட்டு ஆளு. கேட்க மாட்டீங்கன்னு..."

"ஓமன் கரை குளிரும்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க கல்யாணத்துக்கு முந்தின நாளே நான் சொல்லியிருக்கேன்."

"தெரியும் மாமா. அதனாலதான் அந்த மாசத்தை எடுத்தேன். பாக்கறவங்களுக்குத் தப்பு மாதிரியே இருக்கும்."

இர்பானா சொன்னாள்: "அத்தா, அவர் வேலைய நெனச்சுப் பாருங்க. வெறும் நம்பர்தானே? யாரு அதைப் படிக்கப் போறா?"

ஜஹானாரா உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். "நாப்பத்தஞ்சு வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன். இவருக்கு நாலு போடணும்னா என்னையில்ல கேட்டிருக்கணும்? நானே போடல. சாப்பிடுங்க மாப்ள."

மாப்பிள்ளை சாப்பிட்டார். பிழையில்லாமல் சாப்பிட்டார்.

மறுவாரம் நான் மனு எழுதினேன். என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், நோட்டுகளைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து நாளில் அழைத்தார்கள். மாடி ஏறினேன். பீமராவ் என் மனுவை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் நான்கு என்று போட்டிருந்தது.

"மனுவுக்குமா?" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரே விதி சார். இங்க பதினெட்டு வருஷமா மனு எண்ணிக்கை பூஜ்யம். திடீர்னு ஒண்ணு. அதுக்கப்புறம் திரும்பவும் பூஜ்யம். வரைபடத்துல பாத்தா ஒரே ஒரு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. முன்னாலயும் பின்னாலயும் அதே மாதிரி இல்லன்னா அது பிழை. இன்னும் ரெண்டு மூணு பேர் மனு போட்டிருந்தா உங்களோடதும் தேறியிருக்கும்."

"அவமானப்பட்டவன் நான் ஒருத்தன்தானே?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். ஒருத்தர்."

மனுவை ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்து இருந்தது. எனக்குத் தெரிந்த கையெழுத்துதான். நிக்காஹ் பதிவேட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது.

"நோட்டு?" என்றேன்.

அற்புதசாமி தொண்டையைக் கனைத்தார். "நாலு வாங்கினதை எல்லாம் வருஷக் கடைசியில கழிச்சுக் கட்டிடுவோம் சார். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்காரர் எடுத்துட்டுப் போனாரு. பழைய காகிதம் நல்லா எரியுதாம்."

"பதினாறுமா?"

"ஆள் நம்பத்தகாதவர்னா எல்லா நோட்டுக்கும் நாலுதான் சார். ஒரு பக்கம் மட்டும் இருக்கு. சார்தான் எடுத்து வச்சாரு" என்று மாப்பிள்ளையைக் காட்டினார்.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். விழா முடிந்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. மேசை ஜன்னலோரம் மாறியிருந்தது. என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். வரவேற்பு மேசைக்கு மேலே சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. கண்ணாடிக்குள் என் நோட்டின் பக்கம். சிவப்பு விழுந்த வரிகளை எல்லாம் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்தது. ஜூலை 11, பகல் 12 மணி, 28.4. அடியில் என் கையெழுத்து. மேலே கொட்டை எழுத்தில் 'மாதிரிப் பதிவு'.

"நான்தான் மாமா போராடி மாட்ட வச்சேன்" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே மகிழ்ச்சி இருந்தது. "பட்டியல்லேர்ந்து பேரை எடுக்க முடியல. ஆனா சுவத்துல ஏத்திட்டேன். இனிமே வேலைக்குச் சேர்ற எல்லாரும் மொதல்ல இதைத்தான் பாத்துக் கத்துக்கணும். நம்ம குடும்பத்துக்குப் பெருமைதானே?"

நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளி காலடியில் கிடந்தது. கயிறு நனையவே இல்லை.

"ஒரு சிவப்புப் பேனா கொடுங்க" என்று அற்புதசாமியிடம் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கீழே மாவு மில்லில் யாரோ கூப்பிட்டதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடியின் மேல், 28.4-க்கு நேராக, நான்கு என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். கண்ணாடியில் மை சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு முறை அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தார். "என்ன மாமா நீங்க, யாராச்சும் பாத்தா..."

"துடைக்காதே, நஸ்ருல்லா" என்றேன்.

நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கண்ணாடியில் வாயால் ஊதி, ஈரமாக்கி, நன்றாக அழுத்தித் துடைத்தான். முதலில் நான்கு போயிற்று, பிறகு என் கையெழுத்து, கடைசியில் தேதி.

நான் படியில் இறங்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. 28.4 நன்றாகத் தெரிந்தது.